மகளின் லேப்டாப்பும் என் பீரோவும்

அந்த வருஷம் மழைக்காலத்தில் ஜூன் மாதத்திலிருந்து நவம்பர் வரைக்கும் எங்கள் வீட்டில் ஒரே பேச்சுதான். லேப்டாப் ஓடுகிறதா, நெட் இருக்கிறதா, கரண்ட் நிற்குமா. சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால் இதைக் கேட்டோம். போதும் போதும் என்று ஆகிவிட்டது எனக்கு. இப்போது எழுத உட்கார்ந்தால்கூட அந்த அலுப்பு தோள்பட்டையில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

எங்களுக்கு ஒரே பெண். கோயம்புத்தூரில் நாலு வருஷம் படித்தாள். அந்த நாலு வருஷமும் கடலுக்கு இந்தப் பக்கம், எங்கள் தீவில், லம்பா லைன் வீட்டில் பெரும்பாலும் நான் தனியாகத்தான் இருந்தேன். என் வீட்டுக்காரருக்கு ஃபீனிக்ஸ் பே துறைமுகத்திலிருந்து மற்ற தீவுகளுக்குப் போகிற கப்பலில் என்ஜின் ரூம் ஃபிட்டர் வேலை. பத்து நாள் கடலில் இருப்பார், நாலு நாள் வீட்டில் இருப்பார். நான் மரைன் ஹில்லில் ஒரு ஆபீசில் கிளார்க். சாயங்காலம் வந்து பூட்டைத் திறந்தால் உள்ளே ஒரு குரல் இருக்காது. டிவியைப் போட்டுவிட்டு அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு சமைப்பேன். அது என்ன வாழ்க்கை என்று எனக்கே தோன்றும்.

படிப்பு முடிந்து அவள் திரும்பி வந்தாள். சென்னைக் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்தது. வீட்டிலிருந்தபடியே பார்க்கலாம் என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மெயின்லேண்டுக்குப் போகாமலேயே மெயின்லேண்ட் வேலை! ஆபீசில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தேன். அவளுடைய ரூமில் ஜன்னலோரமாக மேஜை போட்டு, பின்னால் தெரிகிற சுவருக்கு வெள்ளை அடித்து, பக்கத்து ஏர்போர்ட்டில் விமானம் இறங்குகிற நேரத்தில் மைக்கை அணைத்துவிடு என்று அவளுக்குப் பாடமும் நடத்தினேன். சாயங்காலம் வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் அந்த ரூமை எட்டிப் பார்ப்பேன். அவள் முதுகு தெரிந்தால் போதும்.

இரண்டு மாதம் நன்றாகத்தான் போயிற்று. ஜூன் மாதம் ஒருநாள், மீட்டிங்கில் பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் காணாமல் போனாள். ஒரு வாரத்தில் மூன்று தடவை அப்படி. மூன்றாவது தடவை டீம் லீடர் போனில் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் அடுப்படியில் நின்ற எனக்கும் கேட்டது.

"உன் மேல தப்பு சொல்லலைம்மா. ஆனா வேலை நடக்கணும் இல்லையா? இப்படியே அடிக்கடி கட் ஆச்சுன்னா நீ சென்னை ஆபீசுக்கு வந்து உக்காந்துதான் பாக்க வேண்டியிருக்கும்."

"சரி மேம்," என்றாள் என் பெண். அவ்வளவுதான். ஐயோ, முடியாது, கொஞ்சம் டைம் கொடுங்கள் என்று ஒரு வார்த்தை பேசவில்லை. பயந்துவிட்டாள், பாவம் என்று நினைத்தேன். அடுப்பை அணைத்துவிட்டு நின்றேன். இந்த வீட்டில் எது கெட்டாலும் சரி, எல்லாவற்றையும் சரி பண்ணியே தீருவது, இவளை அனுப்புவதில்லை என்று அங்கேயே முடிவு எடுத்தேன்.

என் வீட்டுக்காரர் லீவில் வந்ததும் விஷயத்தைச் சொன்னேன்.

"விடு புள்ள, சரி பண்ணிருவோம்," என்றார்.

அவர் சரி பண்ணுகிற லட்சணம் எனக்குத் தெரியும். கப்பலில் ஒரு குழாய் ஒழுகினால் அடுத்த துறைமுகம் வரைக்கும் தாங்கினால் போதும் என்று கட்டுவார்கள். அவர் வீட்டையும் அப்படித்தான் கட்டி வைத்திருக்கிறார். எங்கள் குளியலறைக் குழாய்க்கு எம்-சீல் போட்டு, அதன் மேல் ரப்பர் சுற்றி, அதன் மேல் கம்பி முறுக்கி, பார்த்தால் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட கை மாதிரி இருக்கும். ஆனால் ஒழுகாது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

அவர் முதலில் கைவைத்தது இன்வெர்ட்டரில். பழைய இன்வெர்ட்டர் அரை மணி நேரம்தான் தாங்கும், ஆனால் கரண்ட் போனதே தெரியாது. அதை எடுத்துவிட்டு, பெரிய பேட்டரியோடு ஒரு புதியதை வாங்கி மாட்டினார். இது நாலு மணி நேரம் நிற்கும். கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும்போது மட்டும் ஒரு கண் சிமிட்டுகிற நேரம் விடும். அந்த ஒரு சிமிட்டலில் நெட் பெட்டி செத்துப் பிழைக்கும். பிழைத்து எழுந்து பச்சை விளக்கு எரிய மூன்று நிமிஷம் ஆகும். அதற்குள் சென்னையில் இவளைக் காணோம் என்று தேட ஆரம்பித்துவிடுவார்கள். எங்கள் பக்கம் மழைக்காலத்தில் கரண்ட் ஒரு நாளைக்கு எத்தனை தடவை போய் வரும் என்று யாராவது எண்ணிக்கொண்டிருப்பார்களா? பழையது இருந்தபோது அரை மணி நேரத்துக்குள் திரும்பி வருகிற கரண்டுக்கு எந்தக் கஷ்டமும் இல்லை. நல்லது பண்ணுகிறேன் என்று இருந்ததையும் கெடுத்தாயிற்று.

"பழசு எங்கே?" என்று கேட்டேன்.

"பேட்டரியோட எக்ஸ்சேஞ்சுல குடுத்துட்டேன்ல."

தலையில் அடித்துக்கொண்டேன்.

மே மாத லீவிலேயே அவர் இன்னொரு காரியமும் பண்ணியிருந்தார். வீட்டிலிருந்த குண்டு பல்பு அத்தனையையும் கழற்றிவிட்டு எல்ஈடி போட்டிருந்தார். கூடம், அடுப்படி, குளியலறை, வாசல், கடைசியாக பீரோ. பீரோ என்று நான் சொல்வது உண்மையான பீரோதான், துணி வைக்கிற இரும்பு பீரோ. இங்கே எல்லார் வீட்டு பீரோவுக்குள்ளும் ஒரு பல்பு ராப்பகலாக எரியும். பின்பக்கத் தகரத்தில் ஓட்டை போட்டு வயரை உள்ளே விட்டிருப்பார்கள். மழைக்காலத்து ஈரத்தில் பட்டுச்சேலை, பெல்ட்டு, செருப்பு, சர்ட்டிபிகேட், எல்லாவற்றின் மேலும் ஃபங்கஸ் ஏறிவிடும். ஊரிலிருந்து முதல் தடவை வந்த என் நாத்தனார் கதவு இடுக்கில் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு, "என்ன மதினி, பீரோக்குள்ள யாரையும் குடி வச்சிருக்கீங்களா?" என்று கேட்டு ஒரு வாரம் சிரித்தாள்.

புது பல்பு போட்டதும் பீரோவுக்குள் பளிச்சென்று இருந்தது. எந்தச் சேலை நீலம், எது கறுப்பு என்று நன்றாகத் தெரிந்தது. "இதை ஏன் முன்னாடியே போடல?" என்று அவரைப் பாராட்டி வேறு வைத்தேன். அதை நினைத்தால் இப்போது என்னையே நாலு அறை அறையலாம் போலிருக்கிறது.

அவள் காலேஜ் படிக்கும்போது ஒரு மழைக்கால லீவுக்கு வந்தாள். லேப்டாப்பை ஜன்னலோரமே போட்டு வைத்து அதன் கீபோர்டு கெட்டுப்போயிற்று. அதிலிருந்து நான் ஒரு சட்டம் போட்டிருந்தேன். வேலை முடிந்ததும் லேப்டாப் பீரோவுக்குள் போக வேண்டும். தினமும் ஏழு மணிக்கு நானே வாங்கிக்கொண்டு போய், பட்டுச்சேலைகளுக்கு மேல் தட்டில் வைத்து மூடுவேன். கீழ்த்தட்டில் முக்கால் காய்ந்த துணிகள் இருக்கும். மழைக்காலத்தில் முழுசாகக் காய்ந்த துணி என்று ஒன்று இங்கே கிடையாது. கொடியிலிருந்து எடுத்து பீரோவில் தொங்கவிட்டால் மீதி ஈரத்தைப் பல்பு பார்த்துக்கொள்ளும். எங்கள் அம்மா காலத்திலிருந்து அப்படித்தான்.

ஜூலையில் லேப்டாப்பில் சில எழுத்துகள் விழவில்லை. அப்புறம் ஒரே எழுத்து தானாக விழுந்துகொண்டே இருந்தது. டீம் லீடருக்கு ஒரு செய்தி முழுக்க ஒரே எழுத்தாகப் போயிற்று. அபர்தீன் பஜாரில் ஒரு ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கடைக்காரர் வங்காளி. வாயில் எப்போதும் பான். திறந்து பார்த்துவிட்டு, "சமுந்தர் கா ஹவா, தீதி," என்றார், அக்கா என்று என்னைக் கூப்பிட்டு. கடல் காற்றாம். இந்த ஊரில் பிறந்து ஐம்பது வருஷம் ஆகிறது எனக்கு. என்ன கெட்டாலும் கடல் காற்று என்று சொல்லாத ஒரு மெக்கானிக்கை நான் பார்த்ததில்லை.

கீபோர்டு இங்கே கிடைக்காது, சென்னையிலிருந்து வர வேண்டும். கூரியருக்குக் காத்திருந்தால் வேலை போய்விடும். இங்கே யாராவது மெயின்லேண்டுக்குப் போகிறார்கள் என்று தெரிந்தால் ஆளுக்கொரு சீட்டு எழுதிக் கொடுத்துவிடுவோம். எங்கள் ஆபீசில் ஒருவர் லீவு முடிந்து விமானத்தில் வருவதாக இருந்தது. அவரிடம் கீபோர்டைச் சொல்லிவிட்டோம். அவர் பையில் யாருக்கோ சுகர் மாத்திரை, யாருக்கோ மல்லிகைப்பூ, யாருக்கோ மாவடு, நடுவில் எங்கள் கீபோர்டு. பூ வாசனையோடு வந்தது. கடைக்காரர் மாட்டிப் பார்த்தார். ஸ்க்ரூ ஓட்டை ஒன்றும் சேரவில்லை. மாடல் நம்பரில் கடைசி எழுத்து வேறாம்.

அடுத்த ஆள் போய் வர இருபது நாள் ஆயிற்று. அதுவரைக்கும் வெளியிலிருந்து ஒரு கீபோர்டைச் செருகி ஓட்டினாள். சரியானது வந்து மாட்டியதும் கடைக்காரர், "அப் சலேகா," என்றார், இனி ஓடும் என்று. பன்னிரண்டு நாள் ஓடியது. நான் எண்ணினேன். பதின்மூன்றாம் நாள் மவுஸ் நகர்த்துகிற இடம் செத்தது. அப்புறம் சார்ஜ் ஏறவில்லை. அப்புறம் திரையின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் புள்ளி புள்ளியாக வந்தது. ஒவ்வொரு தடவையும் கடைக்குக் கொண்டுபோவோம். அங்கே இரண்டு நாள் இருக்கும்போது நன்றாக ஓடும். வீட்டுக்கு வந்தால் மறுபடி நோய்.

"கர் மே குச் ஹை, தீதி," என்றார் கடைக்காரர். வீட்டில் ஏதோ இருக்கிறதாம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன இருக்குது? பேயா?" என்று தமிழிலேயே கத்திவிட்டு வந்தேன். மனுஷன் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

பீரோவில் ஒரு வாடை வந்துகொண்டிருந்தது, அதை மறைக்க மாட்டேன். துணிக்குப் போடுகிற சோப்பு சரியில்லை என்று சோப்பை மாற்றினேன். அந்துருண்டை வாங்கிப் போட்டேன். மழை அதிகம் என்று மழையைத் திட்டினேன். லேப்டாப்புக்கு ஏதாவது ஆகிவிடப் போகிறதே என்று பீரோக் கதவை இன்னும் இறுக்கி மூடி, இடுக்கில் பழைய வேட்டித் துணி வேறு செருகி வைத்தேன். அதுதான் நான் காட்டிய அக்கறை.

ஆகஸ்டில் நானும் அவரும் பெரிதாகச் சண்டை போட்டோம். நெட்காரனுக்குப் போன் பண்ணி, கரண்ட் ஆபீசுக்குப் போய் நின்று, கடைக்கு ஓடி, ஆபீசில் அரை நாள் அரை நாளாக லீவு போட்டு எனக்கு உடம்பெல்லாம் வலி. அவர் கப்பலிலிருந்து வந்து இறங்கி, மாடிக்குப் போகிற வயரைப் பார்க்கிறேன் என்று நெட் வயரையே மிதித்து அறுத்துவிட்டார்.

"நீங்க சும்மா இருந்தாலே பாதி சரியாகும்!" என்று கத்தினேன்.

"நான் என்ன வேணும்னா பண்ணுனேன்? அந்தப் புள்ள இங்க இருக்கணும்னு உனக்கு மட்டும்தானா ஆசை?"

ரூமிலிருந்து மகள் வந்தாள்.

"எதுக்கும்மா இவ்வளவு பாடு? விட்டுருங்களேன்."

"நீ வாய மூடு. போய் வேலையப் பாரு," என்றேன். எங்களுக்காக மனசு கஷ்டப்பட்டுச் சொல்கிறாள் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

ஆவணிக் கடைசியில் ஆபீசில் ஒருவர் வீட்டுக் கல்யாணம் வந்தது. காலையில் கட்டுவதற்கு மெரூன் பட்டை எடுத்தேன். மடிப்பு முழுக்க வெள்ளைப் பொடி. தட்டினால் பறக்கிறது. அடுத்த சேலையும் அப்படி. ஃபைலில் வைத்திருந்த என் சர்வீஸ் பேப்பர்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அவருடைய கப்பல் லைசென்ஸ் போட்டோவில் மூக்குக்கு மேல் ஒரு பச்சைத் திட்டு. "அடக் கடவுளே," என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பல்புதான் பளிச்சென்று எரிகிறதே, அப்புறம் ஏன் என்று எழுந்து அதைத் தொட்டேன்.

சில்லென்று இருந்தது. குண்டு பல்பாக இருந்தால் விரல் பொசுங்கியிருக்கும். இதில் வெளிச்சம் இருந்தது, சூடு இல்லை. நாலு மாதமாக நான் ஈரத்துணியையும் லேப்டாப்பையும் ஒன்றாக ஒரு இரும்புப் பெட்டிக்குள் போட்டு, இடுக்கை அடைத்து, ராத்திரி முழுக்க ஊறவைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். காலையில் எடுத்து அவளிடம் கொடுத்திருக்கிறேன். கடல் காற்று பண்ணாததை என் கை பண்ணியிருக்கிறது.

கல்யாணத்துக்குக் காட்டன் சேலையில் போனேன். போகிற வழியெல்லாம் எனக்கு அழுகை ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். ஆனால் உள்ளுக்குள் ஒரு நிம்மதியும் இருந்தது. நோய் தெரிந்துவிட்டது, இனி மருந்து சுலபம். சாயங்காலம் மகளிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"எல்லாம் நான் பண்ணுன கூத்துடி! அந்த எல்ஈடி சூடே ஆகாது. உன் லேப்டாப்ப நானே நனைச்சிருக்கேன். இனிமே கவலைய விடு, நீ எங்கயும் போக வேண்டாம்."

அவள் என்னைப் பார்த்தாள். முகம் தொங்கிப்போயிற்று. "ஓ," என்றாள். லேப்டாப்பைக் கெடுத்துவிட்டேனே என்று கோபமாக்கும் என்று நினைத்து, "மன்னிச்சுருடி," என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள்.

குண்டு பல்பு தேடி அலைந்த கதை தனி. பஜாரில் எந்தக் கடையிலும் இல்லை. "அதெல்லாம் இப்ப யாரு வாங்குறா?" என்று என்னைப் பைத்தியம் மாதிரி பார்த்தார்கள். கடைசியில் எங்கள் தெருமுனையில் கோழி வளர்க்கிற ஒரு மலையாள அம்மா, குஞ்சுகளுக்குச் சூடு காட்டப் போடுகிற பல்பில் ஒன்று கொடுத்தார். அதை மாட்டி, பீரோவைக் காலி பண்ணி, வெயில் அடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் மாடியில் பரப்பினேன். கடைக்காரர் லேப்டாப்பைப் பிரித்து, உள்ளே பிரஷ்ஷால் துடைத்து, என்னென்ன மாற்ற வேண்டுமோ மாற்றிக் கொடுத்தார். திரையோரத்துப் புள்ளிகள் மட்டும் போகவில்லை. என் வீட்டுக்காரர் நெட் பெட்டிக்கென்று தனியாகச் சின்ன பேட்டரி ஒன்றைச் செருகினார். அவர் வாழ்நாளில் கம்பி சுற்றாமல் பண்ணிய ஒரே ரிப்பேர் அது. கரண்ட் போகும், வரும், பச்சை விளக்கு அசையாமல் நிற்கும்.

ஐந்து வாரம் ஒரு குறையும் இல்லை. ஆறாவது வாரமும் ஓடியது. எனக்கு ராஜ்ஜியம் கிடைத்த மாதிரி இருந்தது. ஆபீசிலிருந்து வருவேன், செருப்போடு எட்டிப் பார்ப்பேன், முதுகு தெரியும், போய் டீ போடுவேன்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை எனக்கு லீவு, அவளுக்கு அரைநாள் வேலை. மத்தியானம் மீன் குழம்பு வைத்துவிட்டுக் கூப்பிட்டேன். வந்து உட்கார்ந்தாள். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாயில் வைக்கவில்லை.

"சோறு ஆறுதுடி. என்ன, வேலையில ஏதும் திட்டுனாங்களா?"

"இல்லம்மா. பாராட்டுனாங்க. இப்பல்லாம் நீ கட் ஆகுறதே இல்லையே, இனி ஆபீசுக்கு வர வேண்டாம், அங்கருந்தே பாருன்னுட்டாங்க."

"அடி சக்கை! அதுதானே நமக்கு வேணும்?"

"உனக்கு வேணும்மா," என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. அவள் அழ ஆரம்பித்த பிறகுதான் புரிந்தது.

"எனக்குப் போகணும்மா. அங்க எல்லாரும் ஒண்ணா உக்காந்து வேலை பாக்குறாங்க, டீ குடிக்கப் போறாங்க, சண்டை போடுறாங்க. நான் காலையில எந்திரிச்சு அந்தச் சுவத்துக்கு முன்னாடி உக்காந்து ஒரு நாள் முழுக்க ஸ்க்ரீன்ல ஒரு மூஞ்சியா இருக்கேன். காலேஜ் முடிஞ்சதுலருந்து நீயும் அப்பாவும் தவிர ஒரு ஆள்கிட்ட நேர்ல பேசல."

"அப்ப சொல்ல வேண்டியதுதானே? வாய் இல்ல உனக்கு?"

"எப்படிச் சொல்றது? செருப்பக் கழட்டுறதுக்கு முன்னாடி நீ வந்து என்னை எட்டிப் பாக்குற. அதப் பாத்துட்டு எப்படிம்மா சொல்றது?" மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அந்தப் பல்பு சுடலைன்னு எனக்கு ஜூலையிலயே தெரியும்."

"தெரிஞ்சுமா தினமும் எடுத்துக் குடுத்த?"

"சொன்னா சரியாயிருமேம்மா. சொல்லாம இருந்தா, நெட் சரியில்ல, லேப்டாப் சரியில்ல, கூப்பிட்டுட்டாங்க, அதனால போறேன்னு இருந்திருக்கும். நானா உன்னை விட்டுட்டுப் போறேன்னு ஆகியிருக்காது."

எனக்கு வந்த கோபத்துக்குக் கை ஓங்கிவிட்டது. இருபத்து மூன்று வயதுப் பெண்ணை அடிக்கவா முடியும்? சோற்றுக்கையோடு எழுந்து பின்பக்கம் போய்விட்டேன். கொடியில் துணி தொங்கியது. கையைக் கழுவிவிட்டு அங்கேயே நின்று நன்றாக அழுதேன். ஐந்து மாதம் என்னை நாயாக அலையவிட்டாளே என்று ஆத்திரம். அதற்கு மேல் ஒன்று இருந்தது, அதுதான் வலித்தது. நெட்காரனைக் கேட்டேன், கரண்ட் ஆபீசைக் கேட்டேன், பான் போட்ட கடைக்காரரை எத்தனை தடவை கேட்டேன். உனக்கு என்னடி வேணும் என்று என் பெண்ணை நான் ஒரு தடவை கேட்கவில்லை. ஏழு மணிக்கு அவள் அந்த லேப்டாப்பை இரண்டு கையாலும் நீட்டுவாள். எவ்வளவு சொன்ன பேச்சுக் கேட்கிறாள் என்று பூரித்துப் போயிருக்கிறேன்.

திங்கட்கிழமை என் வீட்டுக்காரர் கப்பலிலிருந்து வந்தார். சொன்னேன். தோளிலிருந்த பையை இறக்கி வைத்தார். அப்புறம், "அப்ப அந்த ரெண்டு கீபோர்டும் தண்டமா?" என்றார். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. பனியனைத் தூக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போகட்டும் புள்ள. நான் மட்டும் வீட்டுலயா இருக்கேன்?" என்றார்.

மறுநாள் நான் ஆபீசுக்கு லீவு போட்டேன். பதினொரு மணிக்கு டீம் லீடரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று அவள் நேரம் கேட்டிருந்தாள். லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கேமராவில் விழாத பக்கமாக நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். இன்னும் இரண்டு நிமிஷம் இருந்தது.

"என்ன காரணம்னு சொல்றதும்மா?" என்று மெதுவாகக் கேட்டாள். "இப்பதான் எல்லாம் நல்லா ஓடுதே."

வேண்டாம், இன்னும் ஒரு வருஷம் இரு என்று சொல்ல வாய்வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் இருந்திருப்பாள், அது எனக்குத் தெரியும்.

"போகணும்னு ஆசையா இருக்குன்னு சொல்லு," என்றேன். "வேற காரணம் எதுக்கு?"

அவள் அதையேதான் சொன்னாள். இருபது நிமிஷம் பேசினார்கள். எந்தத் தேதியில் வருகிறாய், எங்கே தங்குவாய் என்று அந்த அம்மா கேட்டதெல்லாம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. நடுவில் கரண்ட் ஒரு தடவை போய் வந்தது. நெட் அறுபடவே இல்லை.